பெரியம்மாள் கேட்டு வாங்கிய நாலாவது துளை

மண் பரிசோதனை ரிப்போர்ட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் உண்டு. ஆழத்துக்கு ஒன்று, நிறத்துக்கு ஒன்று, ஈரத்துக்கு ஒன்று. பெரியம்மாளுக்குக் கட்டம் கிடையாது. தருமபுரியில் ஒரு சின்ன ஆய்வகத்தில் அந்தக் கட்டங்களை நிரப்புவது என் வேலை என்பதால் இது எனக்கு நன்றாகத் தெரியும்.

அவருக்கு நாற்பத்தாறு வயது. ஊர் மொரப்பூர் தாண்டி. உயரம் நாலடி பத்து அங்குலம். பெரியம்மாள் என்று பெயர் வைத்த அன்றைக்குக் குழந்தை ரொம்பப் பெரிதாக இருந்ததாம். "வளர வேண்டியதெல்லாம் அப்பவே வளந்து முடிச்சுட்டேன்" என்பார். கல் உடைக்கும் கிரஷரில் எட்டு வருஷம் இருந்துவிட்டு எங்களிடம் வந்தவர். சம்பளப் பட்டியலில் 'உதவியாளர்'. இயந்திரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது, துளையிலிருந்து வரும் மண்ணைப் பையில் போட்டுக் கட்டுவது, பையின் மேல் எத்தனை அடி என்று எழுதுவது, இவ்வளவுதான் எழுத்தில் அவர் வேலை.

நாங்கள் செய்வது இதுதான். கட்டடம் வரப்போகிற இடத்தில் மூன்று நான்கு துளை போடுவோம். மூன்று கால் இரும்புக் கோபுரத்திலிருந்து அறுபத்து மூன்றரைக் கிலோ சுத்தியல் ஒன்று இரண்டரை அடி உயரத்தில் இருந்து விழும். கீழே இருக்கிற குழாய் ஓர் அடி இறங்க எத்தனை அடி வாங்குகிறது என்று எண்ணுவோம். எண்ணிக்கை ஏறினால் மண் கெட்டி. ஐம்பது அடித்தும் அசையவில்லை என்றால் பாறை என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போவோம்.

எங்கள் மாவட்டத்தில் பாறைக்குப் பஞ்சம் இல்லை. பத்தடி போனால் அதுவே வந்து என்ன வேணும் என்று கேட்கும். தொல்லை எல்லாம் துளைக்கும் துளைக்கும் நடுவில் இருப்பதுதான். மண்ணுக்குள் ஒற்றை உருண்டைக் கல் ஒன்று படுத்துக்கொண்டு தன்னைப் பாறை என்று சொல்லிக்கொள்ளும். எப்போதோ வெட்டி எடுத்த கல்குழியைக் குப்பை போட்டு மூடி, மேலே சோளம் விதைத்திருப்பார்கள். மூன்று துளை போட்டுவிட்டு ஒரு ஏக்கரைத் தெரியும் என்று கையெழுத்துப் போடுவது, பஸ் ஜன்னலில் மூன்று முகம் பார்த்துவிட்டு அந்த ஊரில் எனக்கு எல்லாரையும் தெரியும் என்பது மாதிரி.

சுத்தியல் அடியை எண்ணுவது இயந்திரம் ஓட்டும் முனிராஜின் வேலை. மதியம் பன்னிரண்டரைக்கு மேல் அவருக்கு எண்கள் கொஞ்சம் வேகமாக ஓடும்.

"முப்பத்தேழு, முப்பத்தெட்டு, நாப்பது..."

"முப்பத்தொம்பது எங்க போச்சு?" என்பார் பெரியம்மாள், தண்ணீர் ஊற்றிக்கொண்டே, நிமிராமல். "உன் மாமியா வூட்டுக்கா?"

"சொன்னேன்க்கா. சத்தத்துல உனக்குக் கேக்கல."

"எனக்குக் கேக்கலன்னா மண்ணுக்கும் கேட்டிருக்காது. திரும்ப எண்ணு."

இப்படிப்பட்டவர்தான் போன ஏப்ரல் மாதம், பாலக்கோடு போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு மனைக்கு எங்களுடன் வந்தார்.

மனையை வாங்கப் போகிறவர் சோபனா. தருமபுரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். வேலைக்குப் போகும் பெண்கள் தங்க மூன்று மாடியில் ஒரு விடுதி கட்டுவது அவருடைய பத்து வருஷத் திட்டம். படிக்கிற காலத்தில் அவர் தங்கிய விடுதியில் மாடிப்படிச் சுவரில் ஒரு விரிசல் இருந்ததாம். எல்லாரும் அதில் சீப்பைச் செருகி வைப்பார்களாம். ஒரு மழைக்காலத்தில் சீப்பு செருகிய இடத்தில் கையே போனது. அன்றைக்கு இரவு அறுபது பெண்களைப் பெட்டி படுக்கையோடு ஒரு கல்யாண மண்டபத்துக்கு அனுப்பினார்கள். "எத்தனை மாடின்னாலும் பரவால்ல, சீப்பு நிக்காத செவுரா இருக்கணும்" என்று முதல் நாளே எங்கள் என்ஜினியர் குரு சாரிடம் சொன்னார்.

வெள்ளிக்கிழமை பத்திரப் பதிவு. கையெழுத்துப் போட்டுவிட்டால் மேலே இருப்பதும் கீழே இருப்பதும் அவருடையது. எனவே அதற்குள் ரிப்போர்ட் வேண்டும். செவ்வாய்க்கிழமை நாங்கள் கோபுரத்தை நட்டோம்.

விற்கிறவர் பச்சியப்பன். ஐம்பத்தைந்து வயது, வெள்ளைச் சட்டை, எப்போதும் சிரித்த முகம். மனைக்குப் பின்னாலேயே அவருடைய வீடும் அவர் அண்ணன் வீடும். வந்தவுடன் எங்களுக்கு மோர் வந்தது. மோருக்குப் பின்னால் வாழைப்பழம் வந்தது. அதைவிட ஆச்சரியம், மனையில் மூன்று இடத்தில் துணிப்பந்தல் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்.

"வெயில்ல கஷ்டப்படுவீங்கன்னுதான். இது கன்னி மண்ணுங்க. எங்க தாத்தா காலத்துல இருந்து ஏர் ஓட்டுனதைத் தவிர ஒரு கம்பி எறங்குனது கெடையாது."

குரு சார் வரைபடத்தில் மூன்று புள்ளி வைத்துக் கொடுத்துவிட்டு, சேலத்தில் வேறு வேலை என்று போயிருந்தார். புள்ளிகள் வெயிலில் இருந்தன. பந்தல்கள் புள்ளிகளிலிருந்து முப்பது, நாற்பது அடி தள்ளி இருந்தன. முனிராஜ் புள்ளியைப் பார்த்தார், பந்தலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன். கோபுரம் பந்தலுக்குள் போய் நின்றது.

முதல் துளையில் பதினோராவது அடியில் பாறை. இரண்டாவதில் பத்தில் பாறை. பச்சியப்பன் நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு முறையும் சுத்தியல் துள்ளும்போது தன் பிள்ளை பரீட்சையில் பாஸானது போலத் தலையாட்டினார். வேலை முடிந்து ஸ்கூட்டரில் வந்த சோபனா, "ஒன்னும் இல்லையே?" என்று மட்டும் கேட்டார். அவசரப் பிரிவுக்கு வெளியே நிற்பவர்கள் அவரிடம் தினமும் கேட்கிற கேள்வியாக இருக்க வேண்டும். அதே குரல்.

"இதுவரைக்கும் ஒன்னும் இல்ல சிஸ்டர்" என்றார் முனிராஜ்.

புதன்கிழமை மூன்றாவது துளை. நாலடி ஆழத்தில் எடுத்த மண்ணைப் பெரியம்மாள் பையில் போடப் போனவர் நிறுத்தினார். மண்ணுக்குள் விரலை விட்டு ஏதோ இழுத்தார். ஒற்றை ரூபாய் ஷாம்பு பாக்கெட். பாதி கிழிந்து, நிறம் மட்டும் போகாமல்.

"ஏங்க" என்று பச்சியப்பனிடம் நீட்டினார். "உங்க கன்னி மண்ணு தலைக்குக் குளிச்சிருக்குதுங்க."

பச்சியப்பன் சிரித்தார். "எலி இழுத்துட்டுப் போயிருக்கும்மா."

"நாலடிக்கா?"

"இந்தப் பக்கத்து எலிங்க பெருசு."

அந்தத் துளையிலும் பன்னிரண்டடியில் பாறை வந்தது. முனிராஜ் குழாய்களைக் கழற்ற ஆரம்பித்தார். பெரியம்மாள் மனையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். திரும்பி வந்து என் நோட்டை வாங்கி வரைபடத்தைப் பார்த்தார். படம் பார்க்க அவருக்குத் தெரியும், எழுத்துத்தான் மெதுவாக வரும்.

"மாடிப்படியும் தண்ணித் தொட்டியும் இந்தக் கெழக்கு மூலையிலதானே வருது?"

"ஆமாங்க்கா."

"அங்க நாம போகவே இல்லையே. நெழல் எங்க இருந்துச்சோ அங்கதான் போனோம்." முனிராஜைப் பார்த்தார். "நெழல் போட்டவரு நமக்காகப் போட்டாரா, அவருக்காகப் போட்டாரா?"

முனிராஜ் கழற்றிய குழாயைத் துடைப்பதில் மும்முரமானார்.

குடத்தை எடுத்துக்கொண்டு, தண்ணீர் வாங்கி வருவதாகச் சொல்லிப் பெரியம்மாள் பின்னால் இருந்த வீட்டுக்குக் கிளம்பினார். இன்னொரு குடத்தோடு நானும் போனேன். மாட்டுக் கொட்டகை நிழலில் நாலு பெண்கள் தக்காளி தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் விடியலில் மார்க்கெட்டுக்குப் போக வேண்டிய பெட்டிகள். நடுவில் ராமக்காள், பச்சியப்பனின் அண்ணி. அறுபதை நெருங்கும் வயது. கைகள் தக்காளியில், கண் தெருவில். பக்கத்தில் அவர் மருமகள் காவியா.

"ஏங்க்கா, இந்த நெலத்துல கெணறு ஏதாச்சும் இருந்துச்சுங்களா?" என்றார் பெரியம்மாள், தண்ணீர் பிடித்துக்கொண்டே.

"கெணறா? இந்தப் பக்கமே கெடையாதே."

நாலு பேரும் சொன்னார்கள். ஒரே நேரத்தில், ஒரே வார்த்தையில், பள்ளிக்கூட உறுதிமொழி போல. போன வருஷம் பெங்களூர்க்காரர் ஒருவர் மனையைப் பார்த்துவிட்டு, கிணறு என்ற சொல் காதில் விழுந்ததும் காரைத் திருப்பிக்கொண்டு போனது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு பச்சியப்பன் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். தெருவில் பாதிப் பேர் அவருக்குப் பங்காளி, மீதிப் பேர் மாமன் மச்சான்.

பெரியம்மாள் மேலே எதுவும் கேட்கவில்லை. உட்கார்ந்து, அவரும் தக்காளியைப் பொறுக்க ஆரம்பித்தார். விலை போகாததைப் பற்றிக் கொஞ்சம், வெயிலைப் பற்றிக் கொஞ்சம். பிறகு பெருமூச்சு விட்டார்.

"நாளைக்கு எங்க வூட்ல முப்பதாம் நாளு. மருமவளுக்குப் பையன் பொறந்திருக்கான்."

எனக்குத் தெரிந்து அவருக்கு ஒரே மகன், பெயர் அன்பு. ஓசூரில் கம்பெனி வேலை. மூன்று வருஷமாகப் பெண் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நான் தக்காளியைப் பார்த்துக்கொண்டேன்.

"அடடே, பேரனா" என்றார் ராமக்காள்.

"பேரந்தான். ஆனா தீட்டுக் கழிச்சு கெணத்துல தண்ணி சேந்தணும் இல்லீங்களா? எங்க பக்கம் கெணறெல்லாம் போச்சு, வூட்டுக்கு வூடு போர்தான். போர் பைப்புக்கு மஞ்ச வெக்கிறதா, மோட்டாருக்கு வெக்கிறதா, ஒன்னும் புரியல. கேக்கலாம்னா எங்க மாமியாரும் இல்ல."

"பைப்புக்கா வெப்பாங்க?" ராமக்காளின் கை நின்றது.

"எனக்கு பிளாஸ்டிக் டேங்குக்குத்தான் வெச்சாங்க" என்றார் காவியா. "மூணு சொம்பு டேங்குல இருந்து."

"அது உனக்கு. அப்பத்தான் கெணத்த மூ..." என்று ஆரம்பித்த ராமக்காள் ஒரு தக்காளியை எடுத்து உற்றுப் பார்த்தார். அழுகல் எதுவும் இல்லாத தக்காளி.

பெரியம்மாள் அதைக் கவனிக்காத மாதிரி இருந்தார். அவர் கவனிக்காத மாதிரி இருப்பதைப் பார்ப்பது பாம்பு வெயில் காய்வதைப் பார்ப்பது மாதிரி. "அது கெடக்குதுங்க்கா. நடக்கறது எப்படின்னு மட்டும் சொல்லுங்க. கொடம் எடது இடுப்புலதானே?"

"வலது."

"எங்க ஊர்ல எடதுன்னாங்க. அப்பறம் வெத்தலை பாக்கைக் கெணத்துக்குள்ள எறிஞ்சுடணும்."

"எறியறதா? யாரு சொன்னது? மூணு எடத்துல மஞ்ச வெச்சு, பொட்டு வெச்சு, வெத்தலை மேல கற்பூரம். எறிவாங்களாம்." ராமக்காளால் பொறுக்க முடியவில்லை. மூன்று பிரசவம் கண்டவர், தெருவில் பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் முன்னால் நின்றவர். "வாயில சொன்னா உனக்கு வெளங்காது. எந்திரி. காவியா, அந்தக் கொடத்தை எடு."

குடம் வலது இடுப்பில் ஏறியது. முந்தானை தலையில் ஏறியது. வீட்டு வாசற்படியில் போய் நின்று, கிழக்கே பார்த்து, ராமக்காள் நடக்க ஆரம்பித்தார். பின்னால் பெரியம்மாள், அவருக்குப் பின்னால் காவியாவும் மற்ற இருவரும், கடைசியில் நான். வாய்க்குத்தான் கட்டுப்பாடு போட்டிருந்தார்கள். காலுக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. அது முப்பது வருஷத்துக்கு முன்னால் பழகிய தடத்தில் கொட்டகையைச் சுற்றி, வேலியில் இருந்த சந்தில் குனிந்து, மனைக்குள் இறங்கியது.

அங்கே பச்சியப்பன் நாற்காலியில் உட்கார்ந்து சோபனாவுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தார். அன்றைக்குச் சோபனா சீக்கிரம் வந்திருந்தார். இருவரும் ஊர்வலத்தைப் பார்த்தார்கள். பச்சியப்பனின் டீ கப்பைத் தாண்டிச் சாஸருக்குப் போய், அதையும் தாண்டியது.

"அண்ணி, எங்க போறீங்க?"

"தம்பி, குறுக்க பேசாத. இந்தம்மாவுக்கு ஒரு முறை தெரியல." ராமக்காள் கிழக்கு மூலையை நோக்கிப் போனார். வெறும் தரை. காய்ந்த புல். ஓர் இடத்தில் சட்டென்று நின்று, குடத்தை இறக்கி, இல்லாத ஒரு மேடையில் மூன்று இடத்தில் மஞ்சள் வைத்தார். பிறகு குனிந்து, கயிற்றை இழுக்கும் கைகளோடு, ஒன்று, இரண்டு, மூன்று.

"இப்படித்தான் சேந்தணும். புரிஞ்சுதா?"

"நல்லா புரிஞ்சுதுங்க்கா" என்ற பெரியம்மாள், இடுப்பில் செருகியிருந்த மர முளையை எடுத்து, ராமக்காளின் கால் பெருவிரலுக்கு முன்னால் வைத்து, ஒரு கல்லால் அடித்தார்.

ராமக்காள் முளையைப் பார்த்தார், கொழுந்தனைப் பார்த்தார், முந்தானையை இறக்கிவிட்டுக்கொண்டு வந்த வழியே வேகமாகப் போய்விட்டார். குடம் அங்கேயே நின்றது.

சோபனா கப்பைக் கீழே வைத்தார். "அங்க ஒன்னு போடுங்க" என்றார்.

"அங்க வெயிலுங்க சிஸ்டர்" என்றார் பச்சியப்பன்.

"பரவால்ல. நான் நிக்கிறேன்."

வியாழக்கிழமை காலை சோபனா விடுப்புப் போட்டுவிட்டு வந்து நின்றார். நாலாவது துளை ஆரம்பமானது. நாலடி வரை மண் பஞ்சு மாதிரி இருந்தது. சுத்தியல் நாலு அடி அடித்தால் குழாய் ஓர் அடி இறங்கியது. பெரியம்மாள் முகத்தில் ஒரு சிரிப்பு வரப் பார்த்தது. ஆறாவது அடியில் சுத்தியல் டங்கென்று துள்ளியது. பத்து, இருபது, ஐம்பது. குழாய் அசையவில்லை.

பச்சியப்பன் எழுந்து வந்தார். "பாறைங்களே."

வைரப் பல் வைத்த குழாயை மாட்டி முனிராஜ் சுழற்றினார். பத்து நிமிஷம் கழித்து ஒரு சாண் நீளத்துக்கு உருளையாக ஒரு கல் துண்டு வந்தது. கழுவினோம். ரோஜா நிறம். நடுவில் சாய்வாக ஒரு கறுப்புக் கோடு. மேல்முகம் வழவழவென்று இருந்தது. அழகான கல்.

படமெடுத்து குரு சாருக்கு அனுப்பினேன். ரெண்டே நிமிஷத்தில் போன் வந்தது. "பிங்க் கிரானைட். சுத்தியிருக்கிற சாம்பல் பாறைக்குள்ள புகுந்து வந்திருக்கும். முதல்தரமான பாறை. போதும், மூட்டை கட்டுங்க. நாளைக்குக் காலைல கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

பெரியம்மாள் போனை என் கையிலிருந்து வாங்கினார். "சார், இன்னும் ஒரு அஞ்சடி போய்ப் பாத்துடலாம் சார். நடுவுல ஒத்தக் கல்லா இருந்தா?"

"எதை வெச்சு சொல்றீங்கம்மா?"

எதை வைத்துச் சொல்வது. ஒரு ஷாம்பு பாக்கெட், ஒரு அண்ணியின் நடை. ரிப்போர்ட்டில் அதற்கும் கட்டம் இல்லை. போன் என் கைக்கு வந்தது. அவருக்காகப் போட்ட துளையே இப்போது அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது. சோபனாவின் முகத்தில் மூன்று நாளில் முதல்முறையாகக் கொஞ்சம் நிம்மதி. அதைப் பார்ப்பது கஷ்டமாக இருந்தது. பச்சியப்பன் மகிழ்ச்சியில் எல்லாருக்கும் இளநீர் வெட்டச் சொன்னார்.

அப்போதுதான் ராமக்காள் வந்தார். விட்டுப்போன குடத்தை எடுக்க.

"ஏம்மா" என்றார் பெரியம்மாளைப் பார்த்து, குரலில் நேற்றைய காரம் குறையாமல். "இன்னைக்கு முப்பதாம் நாளுன்ன. மருமவ அங்க, நீ இங்கயா?"

"மருமவளே இன்னும் வர்லீங்க்கா. பொண்ணு பாத்துக்கிட்டிருக்கோம்."

"பொண்ணு பாக்கறதுக்கு முன்னாடியே பேரன் வந்துட்டானா. வேகமான வூடுதான்." குடத்தைத் தூக்கப் போனவர், பெட்டியில் வைத்திருந்த கல் துண்டைப் பார்த்தார். குடத்தை விட்டுவிட்டு அதை எடுத்தார். வெயிலில் திருப்பினார். வழவழப்பான முகத்தில் கட்டைவிரலை ஓட்டினார்.

"இது எங்க கெடச்சுது?"

"இதோ, இங்க. ஆறடி கீழ" என்றார் முனிராஜ்.

ராமக்காள் கொழுந்தன் பக்கம் திரும்பினார். மெதுவாகத்தான் பேசினார். "தம்பி. என் துவைக்கிற கல்லு எங்கடா?"

பச்சியப்பனுக்கு இளநீர் புரையேறியது.

"அது... கோயிலுக்குன்னு கேட்டாங்க அண்ணி."

"எந்தக் கோயிலு? அஞ்சு வருஷமா ஒவ்வொரு கோயிலா சொல்ற. இந்தச் செகப்புக் கல்லு இந்த ஊர்லயே கெடையாது. எங்கப்பா மாட்டு வண்டியில போட்டுக் கொண்டாந்து குடுத்தது. இந்தக் கறுப்புக் கோடு இருக்குது பாரு, இதுக்கு இந்தாண்டதான் நான் சோப்பு வெப்பேன்." கல்லை அவர் முகத்துக்கு நேராக நீட்டினார். "கெணத்த மூடறப்ப இதையும் உள்ள தள்ளிட்டியா?"

கிணறு. முதல்முறையாக அந்த வார்த்தை மனையில் சத்தமாகக் கேட்டது. ராமக்காளுக்கு அது கவனத்திலேயே இல்லை. அவருடைய வழக்கு வேறு.

"ஏப்பா, நிறுத்தாத" என்று முனிராஜைப் பார்த்துச் சொன்னார். "மீதிக் கல்லு கீழ இருக்குது. எடு."

எஜமானர் யார் என்பதில் முனிராஜுக்குச் சந்தேகமே வரவில்லை. குழாயைத் துளைக்குள் விட்டுச் சுழற்றினார். கல்லின் மிச்சம் நாலு விரற்கடை இருந்தது. அது முடிந்ததும் குழாய் சுழற்றாமலேயே, தன் எடையிலேயே, இறங்க ஆரம்பித்தது. ஓர் அடி. மூன்றடி. ஐந்தடி. எப்போதும் துளை வாய்க்கு ஏறி வரும் தண்ணீர், பெரியம்மாள் மூன்று குடம் ஊற்றியும் திரும்பி வரவில்லை. அடுத்து வந்த மண்ணில் தக்காளிப் பெட்டியின் ஆணியும், ஒரு செருப்பின் வாரும், கிரஷர் தூளும் இருந்தன.

"கெணறு இல்லன்னீங்களே" என்றார் சோபனா.

பச்சியப்பன் சட்டையைச் சரிசெய்துகொண்டார். "இருந்துச்சுங்க. இப்ப இல்லீங்க. இல்லாததை இல்லன்னு சொன்னது தப்புங்களா?"

சோபனா அவரைத் தாண்டி நடந்தார். பெரியம்மாளிடம் வந்தார். "நீங்க சொல்லுங்கக்கா. நாளைக்குக் கையெழுத்துப் போடறதா, வேணாமா?"

பெரியம்மாள் கையைப் புடவையில் துடைத்தார். அவர் அவசரமாகப் பதில் சொல்லாமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இப்ப சொல்ல முடியாதுங்க சிஸ்டர். நாங்க மத்த மூணையும் நெழல் பாத்துப் போட்டோம். படத்துல சொன்ன எடத்துல போடல. தம்பி நோட்டுல அங்கயே போட்டதா எழுதியிருக்கு. அது எங்க தப்பு."

முனிராஜ் வானத்தைப் பார்த்தார். தம்பி என்பது நான்.

"கட்டடத்தை மேக்கால தள்ளுனா பாறை மேல நிக்குமான்னு பாக்கணும். இந்த மூலையில வண்டி நிறுத்துங்க, பூச்செடி வைங்க, மாடிப்படி மட்டும் வெக்காதீங்க. சாயங்காலத்துக்குள்ள மேக்கால ரெண்டு போட்டுக் குடுக்கறோம். பாறை வந்துச்சுன்னா வாங்குங்க. வரலன்னா வேணாம்."

மதியம் குரு சார் சேலத்திலிருந்து வந்து சேர்ந்தார். கல் துண்டைக் கையில் எடுத்து, அந்த வழவழப்பான முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"சோப்பு வெக்கிற எடமா இது?" என்று ராமக்காளிடம் கேட்டார்.

"அதுக்கு இந்தாண்ட" என்று ராமக்காள் திருத்தினார்.

மேற்கில் இரண்டு புள்ளிகளைக் குரு சாரே அளந்து வைத்தார். பந்தல் இல்லை. பச்சியப்பன் குடை ஒன்று கொண்டுவந்து முனிராஜுக்குப் பிடித்தார். பெரியம்மாள் அதை வாங்கிச் சோபனாவிடம் கொடுத்தார். முதல் துளையில் பத்தாவது அடியில் சுத்தியல் துள்ளியது. யாரும் சிரிக்கவில்லை. அதற்குக் கீழே ஐந்தடி வெட்டி எடுத்தோம். முழுக்கச் சாம்பல் பாறை, ஒரே கோர்வையாக, யாரும் எதுவும் துவைக்காத பாறை. இரண்டாவதிலும் அதுவே. பெரியம்மாள் ஒவ்வொரு துண்டையும் மூக்குக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்து, பெட்டியில் அடுக்கினார். கடைசித் துண்டை வைத்தபோது ஆறரை மணி. சோபனா அதைத் தொட்டுப் பார்த்தார், நாடி பிடிக்கிற இடத்தில் விரல் வைப்பது போல.

"ஒன்னும் இல்லையே?"

"இங்க ஒன்னும் இல்லீங்க சிஸ்டர்" என்றார் பெரியம்மாள். "எங்க இருக்குதுன்னும் தெரிஞ்சுபோச்சு."

வெள்ளிக்கிழமை காலை பத்திரம் எழுதுபவர் கடையில் கூட்டம். குரு சார் புது வரைபடம் கொடுத்திருந்தார். விடுதி முப்பத்தைந்து அடி மேற்கே நகர்ந்திருந்தது. கிழக்கு மூலையில் இருபதுக்கு இருபதில் ஒரு சதுரம். அதற்குள் 'கிணறு, மூடப்பட்டது' என்று எழுதி, அதன் கீழ் பச்சியப்பன் கையெழுத்துப் போட வேண்டும் என்பது சோபனாவின் ஒரே நிபந்தனை. போடாவிட்டால் அவர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு டியூட்டிக்குப் போய்விடுவார்.

"மூடப்பட்டதுன்னு எழுதுனா ஏதோ குத்தம் பண்ண மாதிரி இருக்குதே" என்றார் பச்சியப்பன். "முன்னாள் கிணறுன்னு போடலாங்களா?"

"முன்னாள் எம்எல்ஏ மாதிரியா?" என்றார் பத்திரம் எழுதுபவர். "பென்ஷன் கேக்கப் போவுது."

சதுரத்தின் அளவு சரியா என்று ஒரு சந்தேகம் வந்தது. பச்சியப்பன் பதினாறடி என்றார். கூடவே வந்திருந்த ராமக்காள், தன் பங்குக்கு வாங்கிக்கொண்ட பாதிக் கல் துண்டைக் கைப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். பச்சியப்பன் இருபது என்று ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

சோபனா இரண்டு முறை படித்தார். பிறகு அவரும் போட்டார். போட்டுவிட்டு, பேனாவை மூடாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

ரிப்போர்ட்டின் கூடுதல் நகலைக் கொடுக்க நானும் பெரியம்மாளும் வந்திருந்தோம். பச்சியப்பன் எங்களை வாசலுக்கு ஓரமாகக் கூட்டிப்போனார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். அண்ணி உள்ளேதான் இருந்தார்.

"ஏம்மா. இந்தப் பணத்துல மொரப்பூர் பக்கம் ஒரு எடம் பாத்திருக்கேன். ரோட்டு மேல. விக்கிறவரு ரொம்ப நல்ல மனுசன். போனதும் மோர் குடுத்தாரு, பழம் குடுத்தாரு."

"பந்தல் போட்டிருந்தாருங்களா?"

பச்சியப்பன் தாடையைத் தடவினார். "அதாம்மா யோசனையா இருக்குது. ஞாயித்துக்கெழம நான் வண்டில வர்றேன். நீ வந்து, அந்த ஊருப் பொம்பளைங்ககிட்ட ஒரு பத்து நிமிஷம் பேசிப் பாரேன்."

பெரியம்மாள் யோசித்தார்.

"வர்றேங்க. ஆனா எனக்குத் தக்காளி பொறுக்கறது பழக்கம். அங்க என்னா வெளையுதுன்னு கேட்டுட்டு வாங்க."